மேஜையைக் கவிழ்த்துப் பாருங்கள்

பழைய டீப்பாய்களுக்கு நகரங்களில் மவுசு கூடியிருக்கிறது. அசலா போலியா என்ற கேள்விக்குப் பதில் மேல்பலகையில் இல்லை. அடியில் இருக்கிறது.

மும்பையின் பிந்தி பஜாரை ஒட்டிய மட்டன் தெருவில் நுழைகிறவர்களை முதலில் வரவேற்பது தூசு. அடுத்தது வயது. கடை வாசலில் நிற்கும் சின்ன மேஜை ஒவ்வொன்றுக்கும் ஒரு வயது சொல்லப்படுகிறது: எண்பது, நூறு, நூற்றிருபது. கேட்பவரின் முகத்தைப் பார்த்து வயது கூடுவதும் உண்டு. சோர் பஜார் என்று நாடறிந்த இந்தச் சந்தையில் மட்டும்தான் இப்படி என்றில்லை. டெல்லி அமர் காலனி, கொச்சி மட்டாஞ்சேரியில் யூதர் தெரு, காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெரு என்று பழைய சாமான் விற்கும் எல்லா இடங்களிலும் வயதுதான் முதல் விலை.

ஒரு காலத்தில் இங்கெல்லாம் வந்தவர்கள் வெளிநாட்டுப் பயணிகளும் சினிமா செட் போடுகிறவர்களும்தான். இன்று அடுக்குமாடி வீட்டுக்காரர்கள் வருகிறார்கள். பெரிய அலமாரிக்கும் நாலுகால் கட்டிலுக்கும் அவர்கள் வீட்டில் இடமில்லை. ஆனால் சோபாவின் பக்கத்தில் ஒரு சின்ன மேஜைக்கு எப்படியும் இடம் கிடைத்துவிடும். பழைய மரச் சாமான் வாங்கத் தொடங்குகிற பலரும் அதில்தான் தொடங்குகிறார்கள். ஏமாறத் தொடங்குவதும் அதில்தான்.

இந்த வியாபாரத்தில் நடுத்தரக் குடும்பம் இரண்டு தடவை தோற்கிறது. ஊரில் தாத்தா காலத்து வீட்டைக் காலி செய்யும்போது, பரணில் கிடக்கும் தேக்கு மேஜையைக் காயலான் கடைக்குப் போட்டுவிடுகிறது. பிறகு நகரத்து ஃபிளாட்டுக்கு, ‘ஆன்டிக்’ என்ற பெயரில், போன வருஷம் செய்து சாயம் ஏற்றிய மாமர மேஜையை நல்ல விலை கொடுத்து வாங்குகிறது. இரண்டு நஷ்டத்துக்கும் காரணம் ஒன்றுதான். மேஜையைக் கவிழ்த்துப் பார்க்கிற பழக்கம் நம்மிடம் இல்லை.

டீப்பாயில் ‘டீ’ இல்லை

தமிழ்நாட்டில் எல்லோரும் சொல்லும் ‘டீப்பாய்’ என்ற சொல்லே இந்தச் சாமானின் வரலாறு. பெயரைக் கேட்டால் டீ வைக்கிற மேஜை என்று தோன்றும். உண்மையில் இந்தியில் ‘திபாய்’ என்றால் மூன்று காலுடையது. நம் முக்காலிதான். வெள்ளைக்காரர்கள் இந்தச் சொல்லை எடுத்துக்கொண்டு ‘டீப்பாய்’ ஆக்கினார்கள். சொல்லில் தேநீர் இருப்பதாக நினைத்து, இங்கிலாந்தில் தேயிலை வைக்கும் பெட்டி பொருத்திய மேஜைகளுக்கும் அதே பெயரைச் சூட்டினார்கள். பெயர் கப்பலேறிப் போய்த் திரும்பி வந்தது. இன்று நம் வீடுகளில் இருக்கும் டீப்பாய்களில் பெரும்பாலானவற்றுக்கு நான்கு கால்கள்.

பெயரைப் போலவே மேஜைகளும் கலப்புதான். கலப்பு என்பதால் மதிப்புக் குறைவில்லை. வரவேற்பறை என்பதே இங்கே வெளியிலிருந்து வந்த ஏற்பாடு. பாயும் திண்ணையும் ஊஞ்சலும் இருந்த வீட்டில் பக்கத்து மேஜைக்கு வேலையில்லை. நாற்காலி உயர்ந்தபோது டம்ளர் வைக்கிற இடமும் உயர்ந்தது. பழைய இந்தியப் பக்க மேஜைகளில் பெரும்பகுதி பத்தொன்பதாம் நூற்றாண்டுக்குப் பிந்தியவையாக இருப்பதற்கு இதுதான் காரணம். அதற்கும் முந்தியது என்று யாராவது சொன்னால், அவர் சான்று காட்ட வேண்டும்.

முதலில் டேப், பிறகு பர்ஸ்

கடைக்குப் போகுமுன் வீட்டில் இரண்டு அளவுகளை எடுத்துக்கொள்ள வேண்டும். ஒன்று, தரையிலிருந்து சோபாவின் கைப்பிடி உயரம். இது பெரும்பாலும் 22 முதல் 25 அங்குலம் இருக்கும். பக்க மேஜை அந்த உயரத்திலோ, அதற்கு 2 அங்குலம் கீழேயோ இருப்பது வசதி. அதைவிட உயர்ந்தால் கை இடிக்கும். மிகவும் தாழ்ந்தால் டபராவை எடுக்கக் குனிய வேண்டும். இன்னொன்று, சோபாவின் ஆழம். மேஜை அதற்கு மேல் முன்னால் நீட்டிக்கொண்டிருந்தால் நடக்கிறவர் முழங்காலுக்கு ஆபத்து.

இந்த அளவு விஷயத்தில்தான் பழைய மேஜைகள் பலரைக் கவிழ்க்கின்றன. அந்தக் கால நாற்காலிகள் நிமிர்ந்து உட்காருவதற்குச் செய்தவை. அவற்றோடு பிறந்த மேஜைகள் 28, 30 அங்குலம் உயர்ந்திருக்கும். இன்றைய தாழ்ந்த சோபா பக்கத்தில் வைத்தால் போலீஸ்காரர் நிற்பதுபோல் இருக்கும். கடைக்காரர் காலை அறுத்துத் தருவதாகச் சொல்வார். வேண்டாம். கால் அறுத்த மேஜைக்கு மறுவிற்பனை மதிப்பும் போகும், வடிவமும் போகும்.

அடுத்த கேள்வி, அதன்மேல் என்ன வைக்கப் போகிறோம் என்பது. விளக்கு, கண்ணாடி, பத்திரிகை, சூடான காபி எல்லாம் வைக்க வேண்டுமானால் மேல்பலகை 15 அங்குலத்துக்குக் குறையக்கூடாது. குழந்தைகள் ஓடும் வீட்டில் வட்ட மேஜை நல்லது. கூர் மூலை இல்லை. ஆனால் ஒற்றைத் தண்டும் மூன்று காலும் உள்ள பளிங்கு மேஜை அதே வீட்டுக்கு ஆகாது. பாரம் முழுக்க மேலே இருப்பதால் ஒரு பக்கம் தொங்கினால் சாய்ந்துவிடும். சோபாவின் இரு பக்கமும் ஒரே ஜோடி வேண்டும் என்று அலைய வேண்டியதும் இல்லை. இரண்டும் ஒரே உயரமாக இருந்தால் போதும்; வயது வேறாக இருக்கலாம்.

எதைத் தேடலாம்?

இந்தியச் சந்தைகளில் கண்ணில் படும் பழைய பக்க மேஜைகளைச் சில குடும்பங்களாகப் பிரிக்கலாம்.

ராணுவ வகை. முகாம் விட்டு முகாம் போன பிரிட்டிஷ் அதிகாரிகளுக்காகச் செய்தவை. மடங்கும், அல்லது கால்கள் திருகிக் கழலும். மூலைகளில் பித்தளைத் தகடு பதித்திருக்கும். மடக்குக் காலின்மேல் தட்டு வைத்த ‘பட்லர்’ மேஜையும் இதற்கு உறவு. சின்ன வீட்டுக்கு இதைவிடப் பொருத்தமானது கிடையாது. தேவையில்லாதபோது மடித்துச் சுவரோரம் சாத்திவிடலாம்.

எண்கோண வகை. உத்தரப்பிரதேசத்தின் சகாரன்பூரில் ஷீஷம் மரத்தில் பூவேலை செய்து பித்தளைக் கம்பி பதிப்பார்கள். பஞ்சாபின் ஹோஷியார்பூரில் வெள்ளைப் பதிவேலை செய்வார்கள். கால்பகுதி திரைபோல மடங்கும். தலைமுறைகளாகச் செய்யப்பட்டு வருவதால், பார்த்த மாத்திரத்தில் வயது சொல்ல முடியாத வகை இது.

காஷ்மீர் வகை. வால்நட் மரத்தில் சினார் இலையும் கொடியும் செதுக்கியவை. ஒன்றுக்குள் ஒன்றாக நுழையும் மூன்று, நான்கு மேஜைகள் சேர்ந்த அடுக்கு. காஷ்மீர் சுற்றுலாவின் நினைவாக வந்து ஒரு தலைமுறையின் வரவேற்பறையை அலங்கரித்தவை. பிள்ளைகள் இதைத்தான் முதலில் ஒழிக்கிறார்கள். அதனால் இன்னும் நியாயமான விலைக்குக் கிடைக்கிறது.

பம்பாய் வகை. 1930களிலும் 40களிலும் மெரைன் டிரைவ் கட்டடங்களோடு வந்த ஆர்ட் டெக்கோ பாணி. 1937இல் இந்தியக் கட்டடக் கலைஞர் கழகம் பம்பாய் டவுன் ஹாலில் நடத்திய ‘ஐடியல் ஹோம்’ கண்காட்சி, நவீன வீடு எப்படி இருக்க வேண்டும் என்று நகரத்துக்கே பாடம் நடத்தியது. வளைந்த மூலை, படிப்படியான அடுக்கு, கண்ணாடி மேல்தட்டு இதன் அடையாளம். செதுக்கல் இல்லாததால் துடைப்பது சுலபம். 2018இல் மும்பையின் ஆர்ட் டெக்கோ கட்டடங்களும் விக்டோரியா காலக் கட்டடங்களும் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறிய பிறகு, இந்த மேஜைகளையும் மக்கள் புதுக் கண்ணோடு பார்க்கிறார்கள்.

ஜோத்பூர் வகை. இது தனிக் கதை. பழைய கதவு, மாட்டு வண்டிச் சக்கரம் ஆகியவற்றின்மேல் கண்ணாடி போட்டு மேஜையாக்கி ஏற்றுமதி செய்யத் தொடங்கிய ஊர் இது. பழசு தீரத் தீர, புதிதைப் பழசாக்கும் கலை வளர்ந்தது. ஷீஷம், மாமரம், கருவேலம் ஆகியவற்றில் செய்து, சங்கிலியால் அடித்து, உப்புக் காகிதம் தேய்த்து, சாயமேற்றி அனுப்புகிறார்கள். தொழிற்சாலை அதைப் ‘பழைய பாணி’ என்று நேர்மையாகவே விற்கிறது. மூன்று கை மாறி நகரத்துக் கடைக்கு வருவதற்குள் ‘பாணி’ என்ற சொல் உதிர்ந்துவிடுகிறது.

அடிப்பக்கம் சொல்லும் சாட்சி

பாலீஷ் போடுகிறவர் மேல்பலகைக்கும் முன்பக்கத்துக்கும்தான் மெனக்கெடுவார். அடிப்பக்கம் அப்படியே இருக்கும். அங்கே பார்க்க வேண்டியவை இவை.

நிறம்: காற்றுப்பட்ட மரம் பல பத்தாண்டுகளில் மெல்லக் கறுக்கும். ஒரே சீராக இருக்காது. ஓரம் ஒரு விதமாக, மறைவிடம் இன்னொரு விதமாக இருக்கும். அடியில் முழுக்க ஒரே பழுப்பு பூசியதுபோல் இருந்தால் சந்தேகப்படலாம். பெர்மாங்கனேட் கரைசல் தடவினாலே புது மரம் பழுப்பாகிவிடும். ஒரு திருகாணியைக் கழற்றினால், துளையின் உட்புறம் பச்சை மரமாகப் பளிச்சென்று தெரிகிறதா என்று பார்க்கலாம்.

திருகாணி: தலையில் ஒற்றைக் கோடு இருந்தால் அது எந்தக் காலத்ததாகவும் இருக்கலாம். கூட்டல் குறி போன்ற பள்ளம் இருந்தால் அந்த வகை 1930களில்தான் அமெரிக்காவில் காப்புரிமை பெற்றுப் பரவியது. ‘விக்டோரியா காலத்து’ மேஜையில் அத்தனையும் ஸ்டார் ஸ்க்ரூ என்றால், ஒன்று பெரிய பழுதுபார்ப்பு நடந்திருக்கிறது, அல்லது கதை நடந்திருக்கிறது.

இணைப்பு: நல்ல பழைய மேஜையில் காலின் துளைக்குள் குறுக்குச் சட்டத்தின் கழுந்து இறங்கி, மர ஆணியால் பூட்டப்பட்டிருக்கும். இழுப்பறை இருந்தால் அதன் மூலையைப் பாருங்கள். கையால் வெட்டிக் கோத்த பற்கள் ஒன்றுக்கொன்று சிறிது வேறுபடும். இழுப்பறையின் அடி பிளைவுட்டாக இருந்தால், ஒன்று மேஜையே இருபதாம் நூற்றாண்டுச் சரக்கு, அல்லது அடி மட்டும் பின்னால் மாற்றப்பட்டது.

தேய்மானம்: கால் படும் குறுக்குச் சட்டத்தின் மேல்விளிம்பு, இழுப்பறை உரசும் தடம், கை பிடிக்கும் ஓரம் இவைதான் தேயும். யாரும் தொடாத இடத்தில் அடிபட்ட தழும்பு நிறைய இருந்தால், அது சங்கிலியின் வேலை.

வட்டம்: மரம் நார்களின் நீளவாக்கில் அநேகமாகச் சுருங்குவதில்லை, குறுக்கே சுருங்கும். ஆகவே கனமான மரத்தால் செய்த பழைய வட்டப் பலகையை இரண்டு திசையிலும் டேப் வைத்து அளந்தால் சில மில்லிமீட்டர் வித்தியாசம் இருக்கும். கச்சிதமான வட்டம் இளமையின் அறிகுறி.

கலப்புத் திருமணம்: ஒரு மேஜையின் காலும் இன்னொன்றின் மேல்பலகையும் சேர்க்கப்பட்டிருக்கலாம். அடியில் பயன்படாத பழைய துளைகள், வேறு அளவுச் சட்டம் பதிந்திருந்த தடம் தெரிந்தால் அதுதான் நடந்திருக்கிறது. பார்க்க அழகாக இருந்தால் வாங்கலாம். அசல் விலை கொடுக்கக்கூடாது. பழைய தையல் மெஷினின் இரும்புக் கால்மேல் பளிங்கு போட்டு விற்கிறார்களே, அது வெளிப்படையான கலப்பு. அதில் ஏமாற்று இல்லை.

உளுப்பு: சின்ன ஓட்டைகள் இருப்பதே பழமைக்கு அத்தாட்சி என்பார்கள். ஓட்டைக்குக் கீழே மாவுபோல் வெளிர்த் தூள் புதிதாக விழுந்திருந்தால் பூச்சி உள்ளே உயிரோடு இருக்கிறது. மேஜையோடு அதுவும் உங்கள் வீட்டுக்குக் குடிவரும். தேக்கின் வைர மரத்தைப் பூச்சி எளிதில் தொடாது. வெளுத்த ஓரப் பகுதியைத் தின்னும்.

மரம் எது என்பதற்கு மூக்கும் கையும் போதும். தேக்கு லேசான எண்ணெய்ப் பசையோடு தோல் வாசனை தரும். ஈட்டி என்கிற தோதகத்தி அதே அளவு தேக்கைவிடக் கனக்கும். கருஞ்சிவப்பில் கறுப்பு ரேகைகள் ஓடும். காரைக்குடிக் கடைகளில் பர்மா தேக்கின் பெயர் அடிக்கடி கேட்கும். செட்டிநாட்டு வீடுகளுக்குப் பர்மாவிலிருந்து தேக்கு வந்தது உண்மைதான். அதற்காகக் காரைக்குடியில் விற்பதெல்லாம் பர்மா தேக்கு ஆகிவிடாது.

வாங்கக் கூடாதவை

வெள்ளைப் பதிவேலை உள்ள மேஜையில் ஒரு சட்டச் சிக்கல் உண்டு. அது எலும்பாகவோ பிளாஸ்டிக்காகவோ இருந்தால் கவலையில்லை. யானைத் தந்தமாக இருந்தால், எவ்வளவு பழையதானாலும் விற்பதும் வாங்குவதும் குற்றம். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் 1986இல் செய்த திருத்தம் இந்தியத் தந்த வியாபாரத்தையும், 1991 திருத்தம் இறக்குமதித் தந்த வியாபாரத்தையும் நிறுத்திவிட்டன. ‘இது அந்தக் காலத் தந்தம் சார்’ என்று ரகசியக் குரலில் சொன்னால், உடனே வெளியே வந்துவிடுவது உத்தமம்.

அமெரிக்காவில் இருக்கும் மகனுக்கு அனுப்பலாம் என்று வாங்குகிறவர்களும் யோசிக்க வேண்டும். 1972இன் தொல்பொருள் மற்றும் கலைச் செல்வங்கள் சட்டப்படி நூறு வயது நிறைந்த கைவினைப் பொருள் தொல்பொருளாகலாம். அதைத் தனியார் நாட்டைவிட்டு அனுப்ப முடியாது. சந்தேகமுள்ள பொருளுக்குத் தொல்பொருள் ஆய்வுத் துறையிடம், இது தொல்பொருள் அல்ல என்ற சான்றிதழ் பெற வேண்டும். ஆக, கடைக்காரர் பெருமையாகச் சொன்ன நூறு வயதே விமான நிலையத்தில் எதிரியாகிவிடும். ஈட்டி, ஷீஷம் உள்ளிட்ட டால்பெர்ஜியா இன மரங்கள் 2017 ஜனவரி முதல் சர்வதேச வணிகக் கட்டுப்பாட்டின் கீழும் வந்துவிட்டன. 2022 நவம்பரில் பனாமாவில் நடந்த மாநாட்டில் இந்திய ஷீஷம் சாமான்களுக்கு, மரத்தின் எடை ஒன்றுக்கு 10 கிலோவுக்குக் குறைந்தால் சலுகை கிடைத்தது.

சண்டிகர் சொல்லும் பாடம்

வயதைப் பார்த்து மதிப்புப் போடுவது எவ்வளவு அபத்தம் என்பதற்கு நூறு வயது ஆகாத சாமான்களே சாட்சி. சண்டிகர் நகரை உருவாக்கிய லெ கொர்பூசியேயின் உறவினரும் சக கலைஞருமான பியர் ஜன்னரே, 1951 முதல் 1965 வரை அங்கே இருந்தார். அரசு அலுவலகம், கல்லூரி, நூலகங்களுக்கு அவரும் அவரது குழுவினரும் வடிவமைத்த தேக்கு நாற்காலிகளும் மேஜைகளும் உள்ளூர்த் தச்சர்கள் கையால் உருவாயின. நாளடைவில் கால் ஆடியது, பிரம்பு கிழிந்தது. உடைசல் என்று மொட்டைமாடியிலும் முற்றத்திலும் குவித்தார்கள். அரசே அவற்றைக் குறைந்த விலைக்கு ஏலம் விட்டது.

அதே சாமான்கள் செப்பனிடப்பட்டு ஐரோப்பிய, அமெரிக்க ஏல நிலையங்களில் ஒவ்வொன்றும் லட்சக்கணக்கான ரூபாய்க்கு விலை போயின. விழித்துக்கொண்ட மத்திய உள்துறை 2011 பிப்ரவரியில், சண்டிகரின் பாரம்பரியச் சாமான்களை விற்பதற்கும் ஏற்றுமதி செய்வதற்கும் தடை விதித்தது. ஆனால் முன்பே ஏலத்தில் முறைப்படி வாங்கப்பட்டவை வெளிநாட்டில் கைமாறுவதைத் தடுக்க முடியவில்லை. நூறு வயது ஆகாததால் தொல்பொருள் சட்டமும் உதவவில்லை. இதில் அடிப்பக்கத்துக்கும் ஒரு பங்கு உண்டு. எந்த அலுவலகம், எந்த எண் என்று எழுதிய எழுத்துக்கள்தான் அசலின் அடையாளமாயின. குமாஸ்தா கணக்குக்காக எழுதியதை ஏல நிறுவனங்கள் படம் பிடித்துப் போடுகின்றன. இப்போது போலிகளிலும் அந்த எழுத்துக்கள் வந்துவிட்டன.

அரசுக்கே நடந்தது வீடுகளில் நடக்காமல் இருக்குமா? கல்கத்தா ரஸ்ஸல் தெருவில் 1940இல் தொடங்கிய ரஸ்ஸல் எக்ஸ்சேஞ்ச் போன்ற ஏல நிலையங்கள் வளர்ந்ததே, வீட்டைக் காலி செய்து கிளம்பியவர்கள் விட்டுப்போன சாமான்களால்தான். விற்கிறவருக்கு அவசரம், வாங்குகிறவருக்குப் பொறுமை. லாபம் எப்போதும் பொறுமையின் பக்கம்.

வீட்டுக்கு வந்த பிறகு

பழைய மேஜையை வாங்கியதும் செய்கிற பெரிய தவறு, அதைப் புதுசாக்குவது. மெஷின் போட்டுத் தேய்த்தால் பல ஆண்டுக் கைபட்ட மெருகு ஒரு மணி நேரத்தில் தூளாகும். பழைய பாலீஷ் பெரும்பாலும் அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்துத் துணியால் தடவியது. நம் நாட்டு அரக்கு அதிகம் விளைவது ஜார்க்கண்டில். மறைவான இடத்தில் ஒரு சொட்டு ஸ்பிரிட் வைத்துப் பிசுபிசுத்தால் அது அரக்குதான். தேய்ந்த இடத்தில் மேலும் ஒரு பூச்சு தடவினால் போதும், சுரண்ட வேண்டியதில்லை.

அரக்குக்குச் சூடும் ஈரமும் ஆகாது. சூடான டம்ளரை நேரே வைத்தால் வெள்ளை வளையம் விழும். அடியில் ஒரு தட்டோ துணியோ வைக்க வீட்டாரைப் பழக்க வேண்டும். அது முடியாத வீட்டுக்குப் பளிங்கு அல்லது சன்மைக்கா மேல்தட்டு உள்ள 1960களின் மேஜையே பொருத்தம். அதிலும் தவறில்லை. தினமும் தரை துடைக்கும் நம் வீடுகளில் முதலில் அழுகுவது கால்நுனி. கீழே ரப்பர் குமிழோ பித்தளைக் குப்பியோ மாட்டினால் ஆயுள் நீளும். மெல்லிய மரத் தகடு ஒட்டிய மேஜை மும்பை, சென்னை, கொச்சி போன்ற கடலோர ஈரத்தில் உரியும். அங்கே கட்டி மரமே நல்லது.

விலைக்கு ஒரு சுலபமான கணக்கு உண்டு. அதே மரத்தில், அதே அளவில், நம்பிக்கையான ஆசாரி ஒருவர் இன்று செய்து தர எவ்வளவு கேட்பார் என்று விசாரித்துக்கொண்டு கடைக்குப் போகலாம். அதற்குள் வந்தால் வயது இலவசம். அதைவிட அதிகம் என்றால், அந்த அதிகத்துக்கு அடிப்பக்கம் சாட்சி சொல்ல வேண்டும். ரசீதில் மரத்தின் பெயரையும் சொல்லப்படும் வயதையும் எழுதித் தரச் சொல்லலாம். பேச்சில் நூற்றிருபதாக இருந்த வயது, பேனா எடுத்ததும் அநேகமாக இறங்கிவிடும்.

இவ்வளவுக்கும் முன்னால் பார்க்க வேண்டிய ஓர் இடம் உண்டு. ஊரில் பூட்டிக் கிடக்கும் வீட்டின் பரண். அங்கே கால் ஆடிக்கொண்டு, எண்ணெய்ப் பிசுக்கோடு, மேலே பழைய பாத்திர மூட்டையைச் சுமந்தபடி ஒரு டீப்பாய் இருக்கலாம். காயலான் கடைக்காரர் அதைக் கவிழ்த்துப் பார்க்காமல் விலை சொல்ல மாட்டார். அவருக்கு முன்னால் நாம் பார்த்துவிடுவது நல்லது.